கடல் கொண்டது யாருடைய நிலம்?

குமரிக்கண்டம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளுக்கு ஒரு வழக்கமான வடிவம் உண்டு. முதலில் இறையனார் அகப்பொருள் உரை வரும். அடுத்து சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரை, பிறகு ஒரு வரைபடம். முடிவில் ‘இதை அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று ஒரு வரி. எந்த அறிவியல், எதை ஒப்புக்கொண்டது என்று கேட்டால் பதில் கிடைக்காது.

மலேசியாவில் இந்த வடிவத்தோடு இப்போது இன்னொரு பக்கமும் சேர்ந்திருக்கிறது: சுண்டாலாந்து. பனியுகத்தில் மலாய் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலமாக இருந்தன, பிறகு கடல் கொண்டது, அதுதான் நம்ம குமரிக்கண்டம் என்கிறார்கள். அப்படின்னா நாம் இங்கே வந்தவர்கள் இல்லை, இருந்தவர்கள். இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் மற்ற எல்லாம் சொல்லப்படுகிறது. ‘பெண்டாத்தாங்’ என்ற சொல்லைக் காதில் வாங்கி வளர்ந்த யாருக்கும் அதன் கவர்ச்சி புரியும்.

இந்தப் பேச்சைச் சோதிக்க இரண்டு வாசிப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, சுமதி ராமசாமி 2004இல் வெளியிட்ட ‘த லாஸ்ட் லேண்ட் ஆஃப் லெமூரியா’ என்ற நூல். மற்றொன்று, கடலடிச் சேற்றில் கிடக்கும் ஓடுகளை வேதியியலாளர்கள் வாசித்த கதை.

ஓட்டில் இருந்து தொடங்குவோம். ஃபொராமினிஃபெரா என்பது ஒற்றைச் செல் உயிரி. பெரும்பாலானவை மணல் பருமன்தான் இருக்கும். கடல்நீரில் இருந்து கால்சியம் கார்பனேட்டை எடுத்துத் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும். செத்ததும் ஓடு அடியில் போய்ப் படியும். அந்த ஓட்டில் இருக்கும் ஆக்சிஜனில் இரண்டு வகை முக்கியம்: எடை 16 உள்ள லேசான அணு, எடை 18 உள்ள கனமான அணு. ஏறக்குறைய ஐந்நூறில் ஒன்றுதான் கனமானது. நீர் குளிர்ந்தால் ஓட்டில் கனமான ஆக்சிஜனின் பங்கு கொஞ்சம் கூடும். அப்படியானால் ஓட்டைப் பொடித்து அளந்தால் அந்தக் காலத்துக் கடலின் வெப்பம் தெரிந்துவிடும். சிகாகோவில் ஹரால்ட் யூரே தொடங்கிய சிந்தனை இது. அவருடைய ஆய்வகத்தில் வேலை செய்த சேசரே எமிலியானி 1955இல் இதைக் கொண்டு பனியுகக் கடல்களின் வெப்ப வரலாற்றை எழுதினார். வெப்பமண்டலக் கடல் சுமார் 6 டிகிரி குளிர்ந்திருந்தது என்றார்.

ஆனால் அதே எண்ணுக்கு வேறொரு காரணமும் உண்டு. கடல்நீர் ஆவியாகும்போது லேசான ஆக்சிஜன்தான் அதிகம் மேலே போகிறது. பனியுகத்தில் அது துருவப் பக்கங்களில் பனியாக விழுந்து திரும்பி வராமல் தங்கிவிடுகிறது. மிச்சம் இருக்கும் கடல் கனக்கிறது. ஆகவே ஓடு கனமாக இருந்தால் நீர் குளிர்ந்தது என்றும் சொல்லலாம், நிலத்தில் பனி குவிந்தது என்றும் சொல்லலாம். எமிலியானிக்கும் இது தெரியும். பனியின் பங்கைச் சிறியது என்று எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

1967இல் கேம்பிரிட்ஜின் நிக்கலஸ் ஷாக்கிள்டன் எளிமையான ஒரு கேள்வி கேட்டார். மேல்நீரில் மிதப்பவற்றை விட்டுவிட்டு அடியில் வாழும் ஓடுகளைப் பார்த்தால் என்ன? ஆழ்கடல் ஏற்கெனவே உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அது மேலும் 6 டிகிரி குளிர முடியாது. அப்படியும் அடியில் வாழ்ந்தவற்றின் ஓடுகள் ஏறக்குறைய அதே அளவு மாற்றத்தைக் காட்டின. ஆக அந்த எண்ணில் பெரும்பங்கு பனியுடையது. 1973இல் ஷாக்கிள்டனும் நீல் ஆப்டைக்கும் மேற்குப் பசிபிக்கில் எடுத்த ஒரு சேற்றுக் குழாயை வாசித்து, பனியுக உச்சத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியிருந்தது என்று கணக்கிட்டார்கள். பின்னாளில் மூன்றாவது சாட்சியும் வந்தது. ஓட்டில் கால்சியத்தோடு கலந்துவிடும் மாக்னீசியம், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 9 சதவீதம் என்ற கணக்கில் வெப்பத்தோடு கூடும். பனியின் அளவு அதை நேரடியாகத் தொடாது. அதை வைத்து வெப்பத்தைத் தனியாகக் கண்டு கழித்தால் மிச்சம் பெரும்பாலும் பனி. அப்படிப் பார்த்ததில் மேற்குப் பசிபிக்கின் வெப்பமண்டலப் பகுதி குளிர்ந்தது சுமார் 3 டிகிரிதான் என்று வந்தது.

இலக்கிய இதழில் இது எதற்கு? இந்த இருவருடைய சண்டை விமர்சனத்தின் சண்டை என்பதால். ஒரு பிரதி, இரண்டு காரணங்கள். தனக்குப் பிடித்த காரணத்தை முதலில் வைத்துக்கொண்டால் எண் அதற்கே சாட்சி சொல்லும். வேறு இடத்தில் வாழ்ந்த இரண்டாவது சாட்சி ஒன்று வந்தால்தான் பிரிக்க முடியும்.

நம் உரைகளுக்கு இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். இறையனார் உரையில் கடல் கொள்வது மதுரையையும் கபாடபுரத்தையும்தான். ஆனால் அந்த உரை நின்று நிதானமாகப் பட்டியல் போடுவது சங்கங்களையும் புலவர்களையும் நூல்களையும். எழுதியவரின் கையில் இல்லாத நூல்கள் அந்தப் பட்டியலில் நிறைய இருக்கின்றன. அந்தப் புலம்பலில் நிலத்தின் பங்கு எவ்வளவு, நூல்களின் பங்கு எவ்வளவு? அடியார்க்கு நல்லாரிடம் வரும்போது நிலம் 700 காவதமாகவும் 49 நாடுகளாகவும் விரிகிறது. நூற்றாண்டுகள் போகப் போக இழப்பின் அளவு பெருகுகிறது என்பதே ஒரு தடயம். நாம் மொத்தத்தையும் நிலத்தின் கணக்கில் எழுதிவிட்டோம்.

சுமதி ராமசாமியின் நூல் பெரிதாகும் இடம் இதுதான். லெமூரியா என்ற பெயர் 1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர் குரங்கினங்களின் பரவலை விளக்க வைத்தது. தமிழர்களுக்கும் அதற்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. அது எப்படித் தமிழ்ப் பாடநூலுக்குள்ளும் வரைபடத்துக்குள்ளும் வந்தது, காலனிய காலத்தில் மொழியை இழந்துகொண்டிருக்கிறோம் என்ற உணர்வு எப்படி நிலத்தை இழந்த கதையாக உருமாறியது என்று அவர் ஆவணம் ஆவணமாகக் காட்டுகிறார். குமரிக்கண்டத்தை நம்புகிறவர்களை அவர் கேலி செய்வதில்லை. இழப்பை உருவாக்குவதும் ஒரு உழைப்பு என்று மதிக்கிறார். ஷாக்கிள்டன் செய்ததைப் போன்ற பிரிப்புதான் இது.

எனக்கு அவரோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. அறிவியலை அவர் மாயம் கலைந்த தரப்பாகவும் இழப்பைப் பேசுகிறவர்களை மாயத்தை மீட்கிற தரப்பாகவும் வைக்கிறார். கடலடி அவர் நூலில் ஒரு கருத்தாக இருக்கிறது, சேறாக இல்லை. ஆனால் சேறு பேசும் இழப்பு குமரிக்கண்டக் கதையைவிடக் கூர்மையானது.

உதாரணத்துக்கு நம் வாசலையே எடுத்துக்கொள்வோம். தென்சீனக் கடலின் தென்பகுதியில், 2,772 மீட்டர் ஆழத்தில், 1999இல் துளையிட்ட 1143 என்ற தளம் ஐம்பது லட்சம் ஆண்டுகளின் ஓடுகளைத் தந்தது. அந்த வகைப் பதிவு சொல்வது உலகின் மொத்தப் பனிக்கணக்கு. ஜொகூர் அருகில் இருக்கும் சுண்டாத் திட்டில் அப்படிப்பட்ட பதிவு கிடைக்காது, ஏனென்றால் அப்போது அது தரை. அங்கே கிடைப்பது அலையாத்திக் காடுகளின் மிச்சம். ஹானேபூத்தும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் அதைக் கார்பன் முறையில் காலம் கணித்து வெளியிட்டார்கள். சுமார் 14,600 முதல் 14,300 ஆண்டுகளுக்கு முன், 300 ஆண்டுகளுக்குள் கடல் 16 மீட்டர் ஏறியிருக்கிறது. அறுபது வயது வாழ்ந்த ஒருவர் தன் ஆயுளில் 3 மீட்டர் ஏற்றத்தைப் பார்த்திருப்பார். அவ்வளவு தட்டையான நிலத்தில் அது எத்தனை ஊர் தூரம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக நிலம் மூழ்கியது உண்மை. அது குமரிக்கண்டம் என்பதற்கு மட்டும் சாட்சி கிடையாது. சிங்கப்பூர், ஜொகூர்ப் பக்கம் கடல் வந்து சேர்ந்தது சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன். தமிழ் எழுத்தின் வயது அதில் பாதிகூட வராது. தமிழ்நாட்டுப் பக்கமும் நிலம் போயிருக்கிறது: பாக் நீரிணை தரையாக இருந்தது, குமரிமுனைக்குத் தெற்கே உள்ள கடல்திட்டின் ஒரு பகுதியும் வெளியே தெரிந்தது. அதைத் தாண்டினால் ஆழ்கடல். 120 மீட்டர் இறங்கினாலும் அங்கே கண்டம் எழாது. மலாக்கா நீரிணைக் கரைகளில் கிடைத்த சான்று இன்னொன்றும் சொல்கிறது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தைவிடச் சில மீட்டர் உயரத்தில் இருந்தது, பிறகு இறங்கியது. கடல் கொண்டதைப் பாடிய நாம், கடல் கொடுத்ததைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

‘இருந்தவர்கள்’ என்ற வாதத்தில் எனக்கு இருக்கும் பெரிய சிக்கல் காலக்கணக்கு அல்ல. தெப்ராவ் நீரிணையின் அலையாத்திக் காடுகளில் ஓராங் செலேத்தார் மக்கள் இன்னும் இருக்கிறார்கள். படகும் நண்டும் சிப்பியுமாக வாழ்ந்தவர்கள். கடலைத் தூர்த்து நிலம் ஆக்கும் திட்டங்களால் கரையை இழந்துகொண்டிருப்பவர்கள். இந்தக் கரையின் பழைமையை நாம் குமரிக்கண்டம் என்று எழுதி எடுத்துக்கொண்டால் அது யாரிடம் இருந்து எடுக்கப்படுகிறது? வந்தேறி என்ற வசைக்குப் பதில், இன்னொருவருடைய பழைமையை நம் பேரில் பட்டா போட்டுக்கொள்வதாக இருக்கக் கூடாது. ஒருவருடைய குடியுரிமைக்குப் பதினாலாயிரம் வருடத்து ஆதாரம் எதுக்கு? இந்த மண்ணில் மரம் வெட்டி, பால் எடுத்து, புதைக்கப்பட்ட மூன்று தலைமுறை போதாதா?

அந்த மூன்று தலைமுறையின் நிலமும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ரப்பர் செம்பனையாகி, செம்பனை தாமான் ஆகி, ஜொகூரில் தோட்டங்கள் பெயர்ப்பலகை கூட மிஞ்சாமல் மறைகின்றன. இதுக்குப் பனி உருக வேண்டியதில்லை, ஒரு விற்பனைப் பத்திரம் போதும். அந்தத் தோட்டங்களின் ஓடுகள் இன்னும் சேற்றில்தான் கிடக்கின்றன: செக்ரோல் புத்தகங்கள், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள். பொறுக்கி அளக்க ஆள் வேண்டும். 49 நாடுகளின் பெயரை ஒப்பிக்கத் தெரிந்த நமக்கு, நம் தாத்தா வேலை பார்த்த டிவிஷனின் பெயர் தெரியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம்.