உற்றது உரைத்தல்

தேசியக் குடும்ப நல ஆய்வின் பெண்களுக்கான வினாத்தாளில் ஒரு கேள்வி உண்டு. உடம்புக்கு முடியாமல் போய், உங்களுக்காக மருத்துவரிடம் செல்ல நினைக்கும்போது, இவை உங்களுக்குப் பெரிய பிரச்சினையா, சிறிய பிரச்சினையா, பிரச்சினையே இல்லையா என்று அது கேட்கிறது. பின் எட்டு இனங்கள். போவதற்கு அனுமதி வாங்குவது. சிகிச்சைக்குப் பணம் கிடைப்பது. மருத்துவமனையின் தூரம். வண்டி ஏறிப் போகவேண்டியிருப்பது. துணைக்கு ஆள் தேடுவது. அங்கே பெண் பணியாளர் இருக்கமாட்டாரோ என்ற கவலை. யாருமே இருக்கமாட்டார்களோ, மருந்து இருக்காதோ என்ற கவலைகள். கணக்கெடுக்க வந்தவர் ஒவ்வொன்றாக வாசிக்கிறார். பெண் மூன்றில் ஒன்றைச் சொல்கிறாள். அது ஓர் எண்ணாகப் பதிவாகிறது.

புள்ளியியல் என் துறை அல்ல. ஆனால் வினாத்தாளும் ஒரு பிரதிதான். கேட்பவர், கேட்கப்படுபவர், அனுமதிக்கப்பட்ட விடை என்று அதற்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்திருப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடி விடைகள். மற்ற ஐந்தும் குறிப்பால் விடை ஆகுபவை: ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. விளையாட வரவில்லையா என்று கேட்டால் ‘கால் வலிக்கிறது’ என்பது உற்றது உரைத்தல். ‘கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல். இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் இலக்கணிகள் உதாரணத்துக்கு வலியைத் தேர்ந்ததை நினைத்துக்கொள்வேன். வலியைப் பற்றிய கேள்விக்கு மனிதர்கள் நேராகப் பதில் சொல்வதில்லை.

பெண்கள் சொல்வதேயில்லை. ஒருமுறை இரண்டாமாண்டு மாணவிகளிடம் மேலே சொன்ன கேள்வியைக் கொடுத்து, வீட்டிலிருக்கும் மூத்த பெண்களிடம் கேட்டு, விடையைச் சுருக்காமல் அப்படியே எழுதிவரச் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றும் நன்னூலின் எந்த வகை என்று குறித்தோம். ‘நான் போயிட்டா மாட்டை யாரு பார்க்கிறது?’ என்பது வினா எதிர் வினாதல். ‘போன மாசம்தான் அவருக்கு ஸ்டென்ட் வெச்சோம்’ என்பது உற்றது உரைத்தல். ‘போனா ஸ்கேன் எடுக்கச் சொல்லுவாங்க’ என்பது உறுவது கூறல். ‘தைலம் தேய்ச்சுக்கிட்டேன்’ என்பது இனமொழி. ‘உனக்குப் படிக்கிற வேலை இல்லையா, போய்ப் படி’ என்பது சந்தேகமில்லாமல் ஏவல். பெரிய பிரச்சினை, சிறிய பிரச்சினை என்று யாரும் எடை போட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருமே விடை சொல்லியிருந்தார்கள்.

அந்த ஐந்து வகைக்கும் வினாத்தாளில் கட்டம் இல்லை. மாட்டை யார் பார்ப்பது என்ற கேள்வியைக் கணக்கெடுப்பவர் ஏதாவது ஒரு குறியீட்டு எண்ணாக மாற்றியாக வேண்டும். எதுவாக மாற்றுவார்? அனுமதியில் சிக்கல் இல்லை, தூரத்தில் சிக்கல் இல்லை, பேருந்து வாசலிலேயே நிற்கிறது. எட்டுத் தடைகளில் ஒன்றுகூட இல்லாத பெண்ணாக அவள் பதிவாகிறாள். அவள் மருத்துவமனைக்குப் போகவும் இல்லை.

இதே ஆய்வின் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றின்படி, மணமான பெண்களில் 88.7 விழுக்காட்டினர் மூன்று வகை வீட்டு முடிவுகளில் பங்கேற்கிறார்கள். தன் உடல்நலச் சிகிச்சை பற்றிய முடிவும் அவற்றில் ஒன்று. முந்தைய சுற்றில் அது 84. முன்னேற்றம் என்று எழுதிவிடலாம், பலர் எழுதினார்கள். அதே ஆய்வில், கடைத்தெரு, மருத்துவமனை, ஊருக்கு வெளியே உள்ள இடங்கள் ஆகிய மூன்றுக்கும் தனியே போக அனுமதிக்கப்பட்ட பெண்கள் 42 விழுக்காட்டினர்தான். முதல் எண் மணமானவர்களைப் பற்றியது, இரண்டாவது 15 முதல் 49 வயதுப் பெண்கள் அனைவரையும் பற்றியது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிட முடியாது. ஆனாலும் இந்த இடைவெளி வயது வித்தியாசத்தால் மட்டும் வந்ததல்ல. ‘பங்கேற்பு’ என்ற சொல்லுக்குள் பார்க்க வேண்டும். ‘நானே முடிவெடுக்கிறேன்’ என்பதும் ‘நானும் அவரும் சேர்ந்து’ என்பதும் அங்கே ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. ‘சேர்ந்து’ என்ற சொல்லின் கொள்ளளவு நம் வீடுகளில் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அவர் சொன்னார், நான் சரி என்றேன். அதுவும் சேர்ந்துதான்.

கேட்கும்போது யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பது அடுத்த விஷயம். குடும்ப வன்முறை பற்றிய பகுதியில் இந்த ஆய்வு மிகுந்த பொறுப்போடு நடந்துகொள்கிறது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணை மட்டுமே அதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். தனிமை கிடைக்காவிட்டால் அந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. நல்ல விதி. ஆனால் மருத்துவமனைக்குப் போக அனுமதி வாங்குவது பிரச்சினையா என்ற கேள்விக்கு அதே அளவு கறாரான விதி இல்லை. அனுமதி தருபவர் காதில் விழும்படி அனுமதியைப் பற்றிப் பேசவேண்டிய நிலை வரலாம். அடித்தால்தான் வன்முறை என்ற பிரிவினை வினாத்தாளின் அமைப்புக்குள்ளேயே புகுந்திருக்கிறது.

தனிமை கொடுத்துக் கேட்டாலும் விடை மாறாத இடங்கள் உண்டு என்பதுதான் இன்னும் கசப்பானது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்கு அருகேயுள்ள சிங்கூரில் அகில இந்திய சுகாதார, பொதுநல நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அமர்த்திய சென் இதை எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தாங்கள் நோயுற்றிருப்பதாகவோ உடல்நிலை சுமாராக இருப்பதாகவோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. ‘சுமார்’ என்ற விடையை மட்டும் தனியே பிரித்தால் ஆண்கள் 45.6, பெண்களில் ஒருவர்கூட இல்லை.

பஞ்சத்தைக் கடந்துவந்த கைம்பெண்கள், அந்தக் காலத்து வங்கத்தில், உண்ணும் உணவிலேயே விலக்குகளோடு வாழ்ந்தவர்கள், ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. உடம்பு சுமாராக இருக்கிறது என்று சொல்வதற்கு, நன்றாக இருக்கவேண்டிய உடம்பு ஒன்று தனக்கு உரியது என்ற எண்ணம் முதலில் வேண்டும். படுக்கையில் விழுந்தால் நோய், விழாவிட்டால் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம் அந்தப் பெண்களுக்கு வழங்கப்படவில்லை. அந்தப் பூஜ்யத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

கேள்வியின் சொல்லை மாற்றினால் விடை மாறும் என்பது மருத்துவக் கொள்கையை வைத்து ஓயாமல் கருத்துக்கணிப்பு நடத்தும் அமெரிக்காவில் நன்றாகவே தெரிந்த செய்தி. அரசே அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு தரும் திட்டத்தைப் பற்றி கைசர் குடும்ப அறக்கட்டளை 2019 ஜனவரியில் கேட்டபோது 56 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். காப்பீடு எல்லாருக்கும் உரிமையாகும் என்று சொன்னதும் அது 71 ஆனது. வரி கூடும் என்றதும் 37. சிகிச்சைக்குத் தாமதமாகலாம் என்றதும் 26. அங்கே குறைந்தபட்சம் கொள்கையை முன்வைத்து, உனக்கு இது வேண்டுமா என்று கேட்கிறார்கள். நம்மிடம் அப்படிக் கேட்பது அரிது. தேர்தல் நேரத்தில் முக்கியப் பிரச்சினை எது என்று கேட்பார்கள். லோக்நிதி - சிஎஸ்டிஎஸ் 2024இல் நடத்திய தேர்தலுக்கு முந்தைய கணிப்பில் வேலையின்மை என்றவர்கள் 27 விழுக்காடு, விலைவாசி என்றவர்கள் 23. மருத்துவம் முன்வரிசையில் இல்லை. அதனால் மக்களுக்கு அதில் அக்கறையில்லை என்று கட்சிகள் எடுத்துக்கொள்ளலாம். ‘விலைவாசி’ என்று சொல்லும் பெண்ணின் மனத்தில் சிலிண்டரும் எண்ணெயும் மட்டுமா இருக்கின்றன? சர்க்கரை மாத்திரையும் அதே மாதக் கணக்கில்தான் வருகிறது. அவள் சொன்னது இனமொழி விடை. பதிவானது வேறொரு தலைப்பு.

செலவுக்கு வருகிறேன். 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, மருத்துவமனையில் ஒருமுறை சேர்ந்தால் கிராமத்தில் சராசரியாக 16,676 ரூபாயும் நகரத்தில் 26,475 ரூபாயும் செலவாவதாகக் காட்டியது. பிரசவம் இதில் சேராது. அரசு மருத்துவமனை என்றால் கிராமத்தில் 4,290, தனியார் என்றால் 27,347. அரசு மருத்துவமனைகளைக் காப்பாற்றப் பேசும் எவரும் பயன்படுத்தவேண்டிய எண்கள் இவை. இத்தகைய ஆய்வுகளே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. இவை இல்லாவிட்டால் மேலே உள்ள எதையும் என்னால் எழுதியிருக்க முடியாது.

ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பாருங்கள். வருமானம் அல்லது சேமிப்பு, கடன், சொத்து விற்பனை, உறவினரும் நண்பரும் தந்தது, பிற. கிராமத்துக் குடும்பங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் முதன்மையாக வருமானம் அல்லது சேமிப்பு என்றார்கள், 13 விழுக்காட்டினர் கடன் என்றார்கள். யாருடைய சேமிப்பு? மகளிர் குழுவில் எடுத்த தொகை கடன் என்று விழும், வாரத் தவணை அவள் பெயரில் ஓடும். நகையை அடகு வைத்தாலும் கடன்தான். அது யார் கழுத்திலிருந்து இறங்கியது என்பதற்குக் குறியீடு இல்லை. கணவனின் சிகிச்சைக்காக அடகுக் கடைக்குப் போன சங்கிலி மீளவில்லை என்றால், பின்னால் அவள் கருப்பைக் கட்டிக்கு வைக்க எதுவும் இருக்காது. அப்போது அவள் ‘வலி குறைந்துவிட்டது’ என்பாள். இரண்டும் ஒரே செலவின் முன்பின் பக்கங்கள். கணக்கில் முதல் பக்கம் மட்டும் இருக்கிறது.

காப்பீட்டிலும் இதே ஒருமை. வீட்டில் யாராவது ஒருவருக்காவது காப்பீடு உண்டா என்று கேட்கும் குடும்ப நல ஆய்வில் 41 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஆம் என்றன. ஆள்ஆளாகக் கணக்கெடுத்தால் 15-49 வயதில் ஆண்கள் 33, பெண்கள் 30. மாநிலங்களை வரிசைப்படுத்தும் உண்மைத்தாளில் இடம்பெறுவது 41.

துணைக்கு இருந்தவரின் நேரம் மருத்துவச் செலவில் சேர்வதில்லை. இத்தனைக்கும் அதே புள்ளியியல் அலுவலகம் 2019இல் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம், அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம் என்று எண்ணிச் சொன்னது. எண்ணத் தெரியாமல் இல்லை. பொது வார்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, இரவில் சொட்டு மருந்து தீர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஒரு வரி சேர்க்கலாம்: நோயாளியுடன் தங்கியவர் யார், எத்தனை நாள், அந்த நாட்களில் அவர் விட்ட கூலி எவ்வளவு, அப்போது அவருக்கே உடம்பு எப்படி இருந்தது.

இன்னொரு வரியும் வேண்டும். பெண்களுக்கான தனி வினாத்தாள் 49 வயதோடு முடிகிறது. ஆண்களுக்கு 54 வரை போகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அளக்கப்படுகின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்த எட்டுத் தடைகளையும் பற்றி ஐம்பது வயதுக்காரியிடம் யாரும் கேட்பதில்லை. என் மாணவிகள் எழுதிக்கொண்டுவந்த விடைகளில் பெரும்பாலானவை அந்த வயதைத் தாண்டியவர்கள் சொன்னவை.