வைகறையும் மாலையும்: வானொலியின் ஒரு வாரச் செவ்வியல் இசை நிரல் குறித்த ஒரு மதிப்பீடு

வானொலி நிகழ்ச்சி நிரலை நேரங்களின் பட்டியலாகவே பொதுவாகக் கருதுகின்றோம். ஆயின் எந்த இசை எவ்வேளையில், எவ்வளவு நேரம், எப்பெயரின் கீழ் ஒலிபரப்பாக வேண்டும் என்று ஒரு நிலையம் வகுக்கும்பொழுதே, அவ்விசையைப் பற்றிய ஒரு திறனாய்வுத் தீர்ப்பையும் அது உடன் வழங்கிவிடுகின்றது. அறிஞர் எழுதும் திறனாய்வைச் சிலரே படிப்பர். நிரல் வழங்கும் தீர்ப்பையோ, தீர்ப்பென்று அறியாமலேயே பலரும் நாள்தோறும் கேட்டு ஏற்கின்றனர். தமிழகத்து வானொலி ஒன்றின் செவ்வியல் இசை நிகழ்ச்சிகளைத் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம் தொடர்ந்து கேட்டதன் விளைவாக எழுந்தது இக்கட்டுரை. நிலையத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. நாம் சுட்ட விழையும் வழக்கம் ஒரு நிலையத்துக்கு மட்டும் உரியதன்று.

கேட்ட சூழலையும் சொல்லிவிடுதல் முறை. மலேசிய நேரம் இந்திய நேரத்தினும் இரண்டரை மணி முந்தியது. ஆகவே அங்குக் காலை ஆறு மணிக்கு எழும் மங்கல இசை, இங்கு எட்டரை மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசலில், கைப்பேசி வழியாக எம்மை வந்தடைந்தது. அங்கு இரவு பத்தரைக்கு முடிந்த கச்சேரி இங்கு நள்ளிரவைக் கடந்து ஒரு மணிக்கு முடிந்தது. வேளைக்குரிய இசையை அவ்வேளையிலேயே கேட்க வேண்டும் என்னும் மரபு இதனால் குலைந்தது உண்மையே. எனினும், வைகறை இசையை வைகறையின் மயக்கமின்றிக் கேட்டமையால், நிரலின் அமைப்பு எமக்குச் சற்றுத் தெளிவாகவே புலப்பட்டது எனலாம்.

தமிழகத்தில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாளிலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16ஆம் நாளிலும் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளிலேயே தமிழிசை இயக்கம் வலுப்பெற்றது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது; 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது. வானொலியில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்பதும் அவ்வியக்கத்தாரின் கோரிக்கைகளுள் ஒன்று. விடுதலைக்குப் பின்னர், 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக விளங்கிய பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை ஒதுக்கிச் செவ்வியல் இசைக்கு முதன்மை அளித்தார். தேசிய இசை நிகழ்ச்சி 1952இலும், வானொலி சங்கீத சம்மேளனம் 1954இலும் தொடங்கின. கேட்போர் இலங்கை வானொலியின் பக்கம் சாய்ந்த பின்னர், 1957இல் விவித் பாரதி வழியாகத் திரைப்பாடல் மீண்டும் உள்ளே வந்தது. இவ்வரலாற்றில் நம் கவனத்துக்கு உரியது ஒன்றே. மன்னரும் சமீன்தார்களும் விட்டுச் சென்ற புரவலர் இருக்கையில் அரசு அமர்ந்தது. அமர்ந்தவுடன் எது செவ்வியல், எது அன்று என்று பிரிக்கும் பொறுப்பும் அதனிடம் வந்து சேர்ந்தது.

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டு கேட்கத் தொடங்கியமையால், மொழி குறித்த குறையையே முதலில் தேடினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏட்டில் மொழிக்கொரு பத்தியும் வகுத்துக்கொண்டோம். எதிர்பார்த்த அளவுக்கு அக்குறை கிட்டவில்லை. தமிழ்ப் பாடல் இடம்பெறாத மாலை அவ்வாரத்தில் இல்லை. முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் பாபநாசம் சிவனும் பெரியசாமித் தூரனும் மாறி மாறி ஒலித்தனர். நெடிய ஆலாபனையும் நிரவலும் பெரும்பாலும் தெலுங்குக் கீர்த்தனைகளுக்கே வாய்த்தன என்பதும், தமிழ் கச்சேரியின் பின்பாதியிலேயே மிகுதியாக வந்தது என்பதும் உண்மை. இவை பலரும் பலமுறை எழுதியவை. நாமும் எழுதித் தாளை நிரப்ப வேண்டியதில்லை.

எம்மை நிறுத்தியது வேறொன்று. செவ்வாய்க்கிழமை வைகறையில், பக்தி இசை என்னும் தலைப்பின் கீழ், ஓதுவார் ஒருவர் காந்தார பஞ்சமத்தில் தேவாரப் பதிகம் ஒன்றைப் பாடினார். முதலடியைத் தாளமின்றிச் சுத்தாங்கமாக விரித்தார். ரிஷபத்தில் நெடிது நின்று மத்திமத்துக்கு ஏறியதும், இறங்குகையில் காந்தாரத்தைத் தொட்டு மீண்டும் ரிஷபத்திலேயே அமர்ந்ததும் அவசரமின்றி நிகழ்ந்தன. அதன்பின் பண்ணாங்கமாகத் தாளத்துடன் பாடினார். சொல் சிதையவில்லை, சீர் முறியும் இடத்தில் மூச்சு முறியவில்லை. ஏறத்தாழ ஆறு மணித்துளியில் நிகழ்ச்சி முடிந்தது. பண்ணின் பெயர் சொல்லப்படவில்லை. பாடியவரின் பெயரும் சொல்லப்படவில்லை.

வியாழக்கிழமை மாலைக் கச்சேரியில் பாடகர் ஒருவர் கேதாரகௌளையை எடுத்துக்கொண்டார். காந்தார பஞ்சமம் இன்றைய ஓதுவார் வழக்கில் கேதாரகௌளையாகவே பாடப்படுகின்றது. திருஞானசம்பந்தர் காலத்துப் பண்ணின் உருவம் இதுவே என்று துணிந்து கூற எவராலும் இயலாது. தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் நடத்திவந்த பண் ஆராய்ச்சி மாநாடுகளில் இத்தகைய பொருத்தங்கள் நெடிது விவாதிக்கப்பட்டுள்ளன. எனினும் இன்று நம் காதில் விழும் சுர அமைப்பு ஒன்றே. அதே ரிஷபம், அதே நிறுத்தம். மாலையில் அறிவிப்பாளர் இராகம், தாளம், இயற்றியவர் ஆகிய மூன்றையும் பாடலுக்கு முன்னும் பின்னும் கூறினார். பாடகர், வயலின், மிருதங்கம், கடம் என நால்வர் பெயரும் இருமுறை ஒலித்தன. ஆலாபனை மட்டும் பன்னிரண்டு மணித்துளிக்கு நீண்டது. நல்ல ஆலாபனைதான், ஆனால் செவ்வாய்க்கிழமை வைகறையில் கேட்ட ரிஷபத்தைவிட அது மேலானது என்று எம்மால் சொல்ல இயலவில்லை.

ஒரே இசையமைப்பு வைகறையில் பக்தியாகவும் மாலையில் செவ்வியலாகவும் ஆவதற்கு அளவுகோல் யாது? இறைவனைப் பாடுவது பக்தி இசை எனின் தியாகராசர் கீர்த்தனைகளுள் மிகப் பெரும்பாலானவை வைகறைக்குச் செல்ல வேண்டும். மொழி அளவுகோல் எனின் முத்துத்தாண்டவருக்கு மாலையில் இடமிருந்திராது. தொன்மை எனின் ஓதுவாரே முதலிடம் பெறுவார். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய நாற்பத்தெண்மரையும் அவர்களுக்குத் துணையாகக் கொட்டுவோர் இருவரையும் முதலாம் இராசராசன் நியமித்ததைக் கல்வெட்டே கூறுகின்றது. இலக்கணச் செறிவோ, பயிற்சியின் நீளமோ காரணம் என்றும் கூறவியலாது.

நாம் காண்பது இதுதான்: வானொலியில் செவ்வியல் என்பது கச்சேரி என்னும் வடிவத்தின் மறுபெயர். வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளை அடுக்கி, நடுவே ஒன்றை விரித்து, தனியாவர்த்தனத்துக்குப் பின் சிறு உருப்படிகளுக்கு இறங்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சபா மேடைகளில் நிலைபெற்றது. அரியக்குடி இராமானுச ஐயங்காருக்கு (1890–1967) இதில் பெரும்பங்கு உண்டு. வானொலி சபாவை ஒலிவாங்கியின் முன் நிறுத்தியது. அவ்வடிவத்துக்குள் வரும் எதுவும், தமிழாயினும் தெலுங்காயினும், செவ்வியலாயிற்று. வராதது வேறு தலைப்புத் தேடிப் போயிற்று. ஓதுவாரின் பதிகத்தையே கச்சேரிப் பாடகர் விருத்தமாகப் பாடினால் அது செவ்வியல் ஆகிவிடுவதையும் அவ்வாரச் சனிக்கிழமை கேட்டோம். ஆகவே தமிழிசை இயக்கம் கேட்டது பெருமளவு கிடைத்தும் ஓதுவார் வைகறையிலேயே நிற்பதன் காரணம் விளங்குகின்றது. இயக்கம் மேடையில் தமிழுக்கு இடம் கேட்டது. மேடையே அளவுகோலாக இருப்பதைக் குறித்து அது அவ்வளவாகக் கேட்கவில்லை. பாடல்மொழியை மட்டும் எண்ணும் எம் ஏட்டிலும் இது சிக்கியிராது.

முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு இலண்டனில் இருந்த ஆண்டுகளில் பிபிசியின் மூன்றாம் வானொலியைக் கேட்கும் வழக்கம் எமக்கு உண்டு. செவ்வியல் இசைக்கெனவே அமைந்த அவ்வலைவரிசையில் வாரந்தோறும் ஆங்கிலத் திருச்சபையின் மாலை வழிபாடு, பேராலயப் பாடற்குழுவினர் பாட, முழுமையாக ஒலிபரப்பாகும். 1926இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலிருந்து தொடங்கிய நிகழ்ச்சி அது. வழிபாட்டை வழிபாடாகவே விட்டுவைத்தனர். எந்த ஆலயம், எந்த இசையமைப்பாளர், குழுவை நடத்துபவர் யார் என்பவற்றையும் தவறாது அறிவித்தனர். கோயில் இசை செவ்வியல் அலைவரிசைக்குள் வருவதற்கு அரங்க ஆடை அணிய வேண்டியதில்லை என்பதை முதலில் அங்குதான் உணர்ந்தோம். (நம் ஊர் ஓதுவாரை அப்பொழுது நினைத்தோமா என்றால், இல்லை.)

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். அது புறக்கணிக்கத்தக்கதும் அன்று. வைகறை தாழ்ந்த வேளை அன்று. விளக்கேற்றும் வேளையில் பதிகம் ஒலிப்பதே அதற்குரிய சிறப்பு என்பர். ஓதுவார்களுள் பலரும் மாலைக் கச்சேரியை விரும்பார் என்பதும் எண்ணத்தக்கதே. நாமும் பதிகத்தை மாலைக்கு மாற்றுமாறு கேட்கவில்லை. பண்ணின் பெயரையும் பாடியவரின் பெயரையும் சொல்வதற்குப் பத்து விநாடி போதும். மாலைக் கச்சேரியில் நால்வர் பெயரை இருமுறை கூறும் அறிவிப்பாளருக்கு இது கடினமான பணி அன்று.

பத்து விநாடிக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று வினவலாம். எமக்கு நேர்ந்த ஒன்றைக் கூறுகின்றோம். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுள் பலர் இசையை முதன்முதலில் கற்பது கோயில் தேவார வகுப்பில்தான். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவில் அவர்கள் வயதுப் பிரிவுகளில் பாடி வளர்கின்றனர். அவ்வாறு வளர்ந்த மாணவி ஒருவர் எம் வகுப்பில் சேர்ந்தபொழுது, படிவத்தில் 'முறையான இசைப் பயிற்சி' என்னும் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். பதினோர் ஆண்டுகள் பண்முறையில் ஓதியவர் என்பது ஒரு பருவம் கழித்தே தெரியவந்தது. ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். "அது சங்கீதம் இல்லைங்களே ஐயா, தேவாரம்தானே" என்றார். நாணத்தால் சொன்னதாகத் தோன்றவில்லை. உலகறிந்த செய்தியைச் சொல்வதுபோல் சொன்னார். எந்த நிலையத்தின் அறிவிப்பாளரும் அவரிடம் இதை நேரே கூறியிருக்க மாட்டார். கூறாமலே கற்பிக்கும் ஆற்றல் நிரலுக்கு உண்டு. அப்படிவத்தை வரைந்தவர்களும் நாமே. 'கர்நாடக இசை' என்று அடைப்புக்குறிக்குள் எடுத்துக்காட்டுத் தந்தவர்களும் நாமே.

நாகசுரத்தைப் பற்றிச் சில சொற்கள். வாரத்தின் ஏழு காலைகளும் மங்கல இசையுடனேயே தொடங்கின. ஏழு மாலைகளுள் ஒன்றிலும் நாகசுரம் இல்லை. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை இரவெல்லாம் விரித்த கருவி, பத்து மணித்துளியில் முடிந்து செய்தியறிக்கைக்கு வழிவிட்டது. ஞாயிறு காலையில் வாசித்தவர் தோடியைத்தான் எடுத்தார். காந்தாரத்தின் அசைவு திறக்கும் தறுவாயில் நேரம் முடிந்தது. தனியே எழுத வேண்டிய பொருள் இது. எழுதுமுன் எம் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தோம். நாகசுரம் அங்கே 'இசையியல்' தாளில் இல்லை. 'சடங்கும் சமுதாயமும்' என்னும் தாளில், திருமணத்துக்கும் ஈமச்சடங்குக்கும் இடையில் இருந்தது.