கிழித்தெடுத்த பக்கம்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாம் வகுப்பு படித்தவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். சமூக அறிவியல் புத்தகத்தில் உடைகளின் வரலாறு என்று ஒரு பாடம் இருந்தது. பிரான்சில் யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று ராஜாங்கம் சட்டம் போட்டது, இங்கிலாந்துப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டி மூச்சுத் திணறியது, தலைப்பாகையா தொப்பியா என்ற தகராறு, காந்தி அரை வேட்டிக்கு மாறியது (அது நடந்தது நம் மதுரையில், 1921இல்) எல்லாம் அதில் வரும். ருசியான பாடம்.

நடுவில் கொஞ்சம் திருவிதாங்கூரும் வரும். அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்கள் மேலாடை உடுத்தியதற்காக 1822இல் தாக்கப்பட்டது. உடுத்தக் கூடாது என்று 1829இல் சமஸ்தானம் உத்தரவு போட்டது. 1859இல் கலவரம் வெடித்த பிறகு, 'சரி, ரவிக்கை போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் உடுத்தாதீர்கள்' என்ற ரீதியில் இறங்கி வந்தது. இந்தப் பகுதிதான் வில்லங்கமாகிவிட்டது.

2012இல் தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. நாடார் அமைப்புகள் கொதித்தன. மற்ற எதிலும் ஒத்துப்போகாத கட்சித் தலைவர்கள்கூட இதில் மட்டும் ஒரே குரலில் பேசினார்கள்: எடு! விவகாரம் கோர்ட்டுக்கும் போனது. 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை அனுப்பியது. இந்தப் பகுதி நீக்கப்படுகிறது, 2017 தேர்வில் இதிலிருந்து கேள்வி வராது. 2019இல் என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று அந்தப் புத்தகத்திலிருந்து மூன்று பாடங்களையே தூக்கியது. உடை போனது. கூடவே கிரிக்கெட்டின் வரலாறும் விவசாயிகளின் வரலாறும் போயின.

அப்பாடா என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் கேள்வி ஒன்றுதான். இதில் யாருடைய மானம் காப்பாற்றப்பட்டது?

கோபப்பட்டவர்களை எடுத்த எடுப்பில் தொட்டாற்சிணுங்கிகள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். விருதுநகரிலோ சிவகாசியிலோ வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு நாடார் வீட்டுப் பெண்ணின் கண்ணால் அந்தப் பாடத்தைப் படியுங்கள். தன் சாதிப் பெயர் அச்சில் வருகிறது. எப்படி வருகிறது? எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள், மரமேறிகள், கீழானவர்களாகக் கருதப்பட்டவர்கள், அடிபட்டவர்கள். அவ்வளவுதான். அந்தப் பகுதி முடிந்ததும் அவர்களும் காணாமல் போய்விடுகிறார்கள். அந்தப் புத்தகத்துக்கு அவர்கள் ஓர் உதாரணம், துணியைப் பற்றிய ஓர் உதாரணம். பக்கத்து பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? பாடத்தை எழுதிய அறிஞர்கள் இதை யோசித்த மாதிரி தெரியவில்லை.

ஆக, குறை நிஜம். வைத்தியம்தான் தப்பு. குறையாக எழுதியதை நிறைவாக எழுது என்று கேட்டிருக்க வேண்டும். எடு என்று கேட்டார்கள். அந்த வரலாற்றில் வெட்கப்பட வேண்டியது யார்? 1822க்கும் 1859க்கும் நடுவில் 37 வருஷம். அடி, கிழிசல், தீவைப்பு எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு 'உடுத்துவேன்' என்று நின்ற பெண்களா, அவர்கள் மேல் கை வைத்தவர்களா? பக்கத்தை எடுத்ததில் தப்பித்தது கை வைத்தவர்கள்தான். அந்தப் பாட்டிமார்கள் இன்னொரு தரம் தோற்றார்கள்.

சரி, நிறைவாக எழுதுவது என்றால் என்ன? திருவிதாங்கூர் வரை போக வேண்டாம். கந்தக பூமியிலேயே ஒரு புத்தகத்துக்கு விஷயம் கிடக்கிறது.

1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். மதுரை கோர்ட், சென்னை உயர் நீதிமன்றம் என்று ஏறி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்கள் தோற்றார்கள். நடுவில் 1899 ஜூன் மாதம், அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த சிவகாசியில், கோயில் பிரச்னை முற்றி, சுற்று வட்டாரத்திலிருந்து திரண்டு வந்த மறவர்களும் மற்றவர்களும் ஊரைத் தாக்கினார்கள். வீடுகள் எரிந்தன. உயிர்கள் போயின.

அந்தச் சமூகம் அதற்குப் பிறகு என்ன செய்தது என்பதுதான் நிஜமான பாடம். பேட்டையில் விற்கிற சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்தார்கள். அந்தக் காசில் பள்ளிக்கூடம். விருதுநகர் சத்திரிய வித்யாசாலை 1889லேயே வந்துவிட்டது. காமராஜர் படித்த பள்ளி. 1920களில் சிவகாசி இளைஞர்கள் இரண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்க்கிற மண்ணில் ஒரு தொழில் நகரம் எழுந்தது. கோர்ட்டில் தோற்றவர்கள் கடைத்தெருவிலும் கரும்பலகையிலும் ஜெயித்த கதை இது. எந்தப் பிள்ளை இதைப் படித்துத் தலைகுனியும்?

ஆனால் இதோடு நிறுத்தினால் அது பாடமாகாது, சங்க மலராகிவிடும். ஒவ்வொரு சமூகமும் தன் பெருமையை மட்டும் அச்சடித்துக்கொண்டால் வகுப்பறை மாநாட்டுப் பந்தல் ஆகிவிடும். அதனால் சங்கடமான பக்கங்களும் வேண்டும்.

கமுதி வழக்கில் நாடார்கள் வைத்த வாதம் என்ன? 'எல்லோரும் கோயிலுக்குள் வரலாம்' என்பதில்லை. 'நாங்கள் சத்திரியர்கள், ஆகவே எங்களுக்கு உரிமை உண்டு' என்பது. ஏணியை எடுத்தெறியச் சொல்லவில்லை, தங்களுக்கு மேல்படி கேட்டார்கள். பள்ளியின் பெயரிலேயே அந்தக் காலத்துத் தவிப்பு தெரிகிறது. 1939 ஜூலையில் வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடத்தியபோது, கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட மக்களோடு விருதுநகர் எஸ்.எஸ். சண்முக நாடாரும் போனார். 1897இல் தனியாகப் போனதற்கும் 1939இல் சேர்ந்து போனதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்பதாம் வகுப்புக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா?

இன்னொரு பக்கம். சிவகாசியின் வளர்ச்சியைப் பாடுகிறவர்கள், அந்தத் தீப்பெட்டிகளில் குச்சி அடுக்கிய விரல்கள் யாருடையவை என்றும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் போக வேண்டிய கரிசல்காட்டுக் குழந்தைகளின் விரல்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பிடியரிசியில் பள்ளி கட்டிய ஊருக்குப் பக்கத்திலேயே இதுவும் நடந்தது. இரண்டும் ஒரே பாடத்தில் வர வேண்டும்.

'அய்யய்யோ, இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் அடிதடி ஆகாதா? தாக்கியவர்கள் பேரனும் தாக்கப்பட்டவர்கள் பேத்தியும் ஒரே வகுப்பில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள்?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான பயம். வாத்தியாருக்குப் பயிற்சி இல்லாமல் இதைக் கையில் கொடுத்தால், அது மருந்து அறையில் சிகரெட் பற்றவைக்கிற வேலைதான்.

ஆனால் பேசாமல் இருந்ததில் மட்டும் அடிதடி நின்றதா? 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். தாழ்த்தப்பட்ட சமூகத்து வீரர் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரம். அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும், எல்லா மாவட்டங்களிலும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான். பஸ்ஸிலிருந்து பெயர் போனது. மனசிலிருந்து சாதி போனதா?

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் சக மாணவர்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு வேண்டாம், பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம் என்றெல்லாம் சொன்னது. வேண்டியதுதான். ஆனால் கயிற்றை அவிழ்த்துவிடலாம். அதைக் கட்டச் சொன்ன கதையை எப்படி அவிழ்ப்பது? நம் பிள்ளைகள் சாதி வரலாறு படிக்காமல் இல்லை. தினமும் படிக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் போர்டில், சினிமாப் பாட்டில், குருபூஜை ஊர்வலத்தில், வாட்ஸ்அப்பில். அங்கே எல்லாத் தாத்தாவும் வீரர், எல்லாத் தாத்தாவும் ஆண்ட பரம்பரை, யார் தாத்தாவும் யாரையும் அடித்ததில்லை. இந்தப் பள்ளிக்கு லீவே கிடையாது. அரசுப் பள்ளி மட்டும்தான் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் 2010இல் ஒரு சட்டம் போட்டு, டூசான் நகரப் பள்ளிகளில் நடந்த மெக்சிகோ வம்சாவளியினர் வரலாற்று வகுப்பை மூட வைத்தது. 'பிள்ளைகள் மனசில் வெறுப்பு வளரும்' என்பதுதான் சொன்ன காரணம். 2017இல் நீதிபதி அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார். கலிஃபோர்னியாவில் 2005-06இல் பாடநூல் திருத்தம் வந்தபோது, சாதியைப் பற்றி இப்படி எழுதாதே, எங்கள் குழந்தைகளுக்கு அவமானம் என்று சொன்னவர்கள் யார் தெரியுமா? அங்கே குடியேறிய நம்மவர்களில் ஒரு சாரார். எழுதத்தான் வேண்டும் என்று எதிர்த்து நின்றவர்களிலும் நம் ஊர்க்காரர்கள் உண்டு. கடல் தாண்டிப் போயும் அதே பக்கத்துக்குச் சண்டை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ, அந்தந்த மாவட்டத்துக்கு என்று ஒரு பாடம். விருதுநகர் என்றால் கமுதி, 1899 சிவகாசி, மகமை, ஆலயப் பிரவேசம், தீப்பெட்டி, 1997 பஸ். அச்சுக்குப் போகும் முன் எல்லாத் தரப்பு ஆசிரியர்களும் உட்கார்ந்து படிக்கட்டும். வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் அதில் ஒரு பக்கமாவது பெருமை இருக்க வேண்டும். ஒரு பக்கமாவது 'நம்மாட்களா இதைச் செய்தார்கள்?' என்று கேட்க வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புங்கள், மறுபடி எழுதட்டும்.

எடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.