படலையும் சங்கிலியும்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் வீட்டு நாயின் கழுத்தில் சங்கிலி ஏறியதே இல்லை. விடிய அம்மா படலையைத் திறந்தால் அது ஒழுங்கையில் இறங்கிவிடும். மத்தியானம் சோற்று நேரத்துக்குச் சரியாகக் குசினி வாசலில் வந்து நிற்கும். இடையில் எங்கே போனது, யாருடைய சைக்கிளைத் துரத்தியது என்று நாங்கள் கேட்டதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது அது நாவற்குழிப் பக்கம் வரை எங்கள் பின்னால் வந்தது. நெரிசலில் பிடித்துக் கட்ட அப்பா கயிறு எடுத்தார். கயிறு என்றால் என்னவென்றே தெரியாத நாய் மிரண்டு விலகியது. சனத்துக்குள் அதைத் தொலைத்துவிட்டோம்.

பிறகு திருச்சியில் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடியில் வீட்டுக்காரர் ஒரு ராஜபாளையம் வளர்த்தார். பாலும் முட்டையும் வேளை தவறாமல் போகும். வருடா வருடம் தடுப்பூசி. நோய் என்றால் உடனே மருத்துவர். ஆனால் ஓடி வேட்டையாடப் பிறந்த அந்த வெள்ளை நாயின் உலகம் நாலு முழச் சங்கிலி. அது சுற்றிச் சுற்றி நடந்த தடம் மாடித் தளத்தில் வட்டமாக விழுந்திருந்தது. மே மாத வெயிலில் தகரக் கூரையின் கீழ் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கும்.

இரண்டு வீட்டிலும் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் நாயைப் படலைக்கு வெளியே கவனிக்கவில்லை. திருச்சி வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மேல் கவனிக்கவில்லை.

இலங்கையில் தெருவில் திரியும் நாயைக் கட்டாக்காலி நாய் என்போம். தமிழ்நாட்டில் தெருநாய். இரண்டு சொல்லும் சொந்தக்காரர் இல்லை என்ற எண்ணத்தைத் தருகின்றன. யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் திரிபவற்றில் பலவற்றுக்கு வீடு உண்டு, சோறு உண்டு, பெயரும் உண்டு. கடித்தால்தான் சொந்தம் இல்லாமல் போகிறது. அவற்றின் குட்டிகளுக்கும் அதே கதி. பெட்டை நாய் ஆறேழு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் இரண்டு மாதம்தான். பிறந்ததில் கடுவன் குட்டிகளுக்கு ஆள் கிடைக்கும். பெட்டைக் குட்டிகள் சாக்கில் போய்ச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ இறங்கும். திருச்சியிலும் இதையே பார்த்தேன், சாக்குக்குப் பதிலாக அட்டைப்பெட்டி.

தெருநாய்களைக் கொல்வதை இரண்டு நாடுகளும் கொள்கையளவில் கைவிட்டுவிட்டன. சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு 1964இலேயே கருத்தடையைத் தொடங்கியது. இந்திய அரசு அதை 2001இல் விதியாக்கி, 2023இல் புதுப்பித்தது. இலங்கையில் 2006இல் கொலை நிறுத்தப்பட்டது. இந்தத் திட்டங்கள் தெருவில் பிடிபடும் நாய்க்குத்தான் முதலில் போகின்றன. உங்கள் வீட்டுப் பெட்டைக்கு நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போய்ச் செய்விக்க வேண்டும். ஒரு சத்திரசிகிச்சை, பத்து நாள் தையல் ஆறும்வரை கவனம், அவ்வளவே. ஒருமுறை குட்டி போட்ட பிறகுதான் செய்யவேண்டும் என்று இரண்டு ஊரிலும் சொல்வார்கள். அதில் உண்மை இல்லை.

இனி விசர். தமிழ்நாட்டில் வெறிநாய்க்கடி என்றும், இலங்கைச் சுகாதார அறிவித்தல்களில் நீர்வெறுப்பு நோய் என்றும் வரும். இதில் இலங்கையிடம் இந்தியா கற்க நிறைய உண்டு. 1973இல் இந்த நோயால் இலங்கையில் 377 பேர் இறந்தார்கள். இப்போது ஆண்டுக்குச் சில பத்துப் பேர். இந்தியாவில் மதிப்பீடுகள் ஆண்டுக்குச் சில ஆயிரத்திலிருந்து 20,000 வரை போகின்றன. மக்கள் தொகை அறுபது மடங்கு என்று கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது. வீட்டு நாய்க்கு ஊசியைத் தெருவுக்கே கொண்டுவந்து இலவசமாக ஏற்றியது இலங்கையில் பெரிய காரணம். சனசமூக நிலையத்தடியில் மேசை போட்டு, ஊசி ஏற்றி, அட்டை எழுதித் தருவார்கள். 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுச் சட்டப்படி உள்ளூராட்சி சபையில் ஆண்டுதோறும் பதியவும் வேண்டும். பலர் பதிவதில்லை என்பதுதான் வருத்தம். சென்னை மாநகராட்சி இப்போது உரிமத்தோடு தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் கேட்கிறது. நாய் தொலைந்தாலும் கைவிடப்பட்டாலும் சொந்தக்காரர் யாரென்று சிப் சொல்லும். இதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நாய் கடித்துவிட்டால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும்: இந்தியாவில் 10 நாள், இலங்கையில் 14 நாள் என்பது வழக்கம். அதற்காக மனிதருக்கு ஊசி போடுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

சாப்பாட்டில் இரண்டு கரையும் ஒரே பிழையைச் செய்கின்றன. நாங்கள் மீன்குழம்புச் சோறு வைப்போம், தமிழ்நாட்டில் சாம்பார் சாதம் வைப்பார்கள். இரண்டிலும் சின்ன வெங்காயம். வெங்காயம் நாயின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கிறது, சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஒருநாளில் தெரியாது. சோர்வு, வெளிறிய முரசு (ஈறு), கடும் நிறச் சிறுநீர் என்று பிறகு வரும். திராட்சையும் சொக்லேற்றும் கூடாது. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். உப்பும் தூளும் போடுமுன் கொஞ்சச் சோற்றையும் முள் எடுத்த மீனையும் பூசணித்துண்டையும் தனியாக எடுத்து வையுங்கள். காய்ச்சல் என்று பனடோல் (பரசிற்றமோல்) கொடுப்பது இரண்டு ஊரிலும் உண்டு. அது ஈரலைக் கெடுக்கும், கொடுக்கவே கூடாது.

உண்ணிக்கு மண்ணெண்ணெய், சொறிக்குக் கழிவு எஞ்சின் ஒயில் என்பதும் பொது வழக்கம். நாய் உடலை நக்கும், பூசியது வயிற்றுக்குள் போகும். மருத்துவரிடம் மருந்து வாங்குவதோடு, உண்ணி ஒளிந்திருக்கும் சுவர் வெடிப்பையும் படுக்கும் சாக்கையும் துப்புரவாக்கினால்தான் அது தொலையும்.

சட்டத்தை நம்பி இருக்க முடியாது. நாயை ஓயாமல் கட்டிவைத்து நடக்க விடாமல் இருப்பதை இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பெயர் சொல்லியே குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். இலங்கையின் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தில் உச்ச அபராதம் 100 ரூபாய். அந்த மொட்டை மாடிக்கு எந்த அதிகாரியும் ஏறி வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பெட்டை நாய் வைத்திருக்கிறேன். கருத்தடை செய்தாயிற்று. வளவுக்குள் அவிழ்த்துவிடுவேன், படலை பூட்டியிருக்கும். தெருவுக்கு வாரோடு மட்டும், வெயில் ஏறுமுன். வாருக்கு அதைக் குட்டியிலேயே பழக்கினேன், நாவற்குழியை நினைத்துக்கொண்டு. முதல் வாரம் முன்வீட்டு அக்கா படலையடியில் நின்று கேட்டார்: "ஏன் பிள்ளை கட்டிக்கொண்டு போறாய்? அதுக்கு ஏதும் வருத்தமோ?" அவருடைய கடுவன் எங்கள் பின்னாலேயே சந்தி வரை வந்தது. போன மாதம் சனசமூக நிலையத்தில் ஊசி ஏற்றினார்கள். அக்காவிடம் கேட்டு அதையும் பழைய வார் ஒன்றில் கூட்டிப்போனேன். அட்டையில் சொந்தக்காரர் பெயர் எழுதும் இடத்தில் அக்காவின் பெயரைச் சொன்னேன்.