பயிற்சியாளர் விடைபெறும் வழக்கம்

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய காட்டாங்குளத்தூரிலிருந்து மாமல்லபுரத்துக் கடற்கரை வரையில் பரந்து கிடக்கும் செங்கற்பட்டுப் பிரதேசத்தில் கைப்பந்தாட்டத்துக்கு வேண்டிய சாதகங்கள் பல ஒருங்கே கூடியிருக்கின்றன. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் ஆடவர் அணி அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் பலமுறை பட்டம் வென்றிருக்கிறது. மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே அரசு நிறுவிய பல்கலைக்கழகம் இருக்கிறது. கடலோரக் குப்பங்களிலும் மாலை வேளையில் வலை கட்டி ஆடும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. இவ்வளவு இருந்தும், இப்பக்கத்தில் மட்டுமன்றித் தமிழ்நாடெங்குமே, கல்லூரி அணிகள் பலவற்றின் பலம் ஒரு தனிமனிதரின் வருகையோடு உயர்ந்து, அவர் விடைபெற்ற மறுவருஷமே தாழ்ந்துவிடுகிறது.

இதன் மூலகாரணம் நியமன முறையில் இருக்கிறது. கல்லூரியில் நிரந்தர ஸ்தானம் உடற்கல்வி இயக்குநருக்கே உரியது. கபடி முதல் சதுரங்கம் வரை எல்லா ஆட்டங்களுக்கும் பொறுப்பேற்று, போட்டிகளுக்குப் பெயர் அனுப்புவதும் சான்றிதழ் சரிபார்ப்பதுமாகக் காலம் கழிக்க நேர்ந்த அவர், கைப்பந்துக்கென்று தனி சிரத்தை செலுத்துவது அசாத்தியம். ஆகவே அந்த ஒரு துறைக்கு மட்டும் பயிற்சியாளர் ஒருவரைத் தொகுப்பூதியத்தில், வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில், பல கல்லூரிகள் அமர்த்திக்கொள்கின்றன. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பட்டயம் பெற்றவரேயானாலும், ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் அடுத்த ஜூனில் தமக்கு வேலை உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த வழக்கத்தை முற்றிலும் தீதென்று தள்ளிவிட முடியாது. ஒரே பயிற்சியாளர் பல வருஷம் அசையாமல் வீற்றிருந்து, தமக்கு வேண்டியவர்களையே அணியில் சேர்த்து, தாம் இளமையில் கற்ற முறையையே இன்றும் கற்பித்துவரும் கல்லூரிகள் உண்டு. லிபரோ என்னும் தனிப் பாதுகாப்பாளர் வந்ததும், சர்வீஸ் யாருடையதாயினும் ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி என்னும் முறை வந்ததும் 1990-களின் கடைசியில்தான். ஆட்டத்தின் இலக்கணமே அப்படி மாறிய காலத்தில் புதியவர் ஒருவர் புதிய முறையோடு வருவது அணிக்குப் பெரும் நன்மை. மேலும், இரண்டு குழந்தைகளைப் படிக்கவைக்கும் ஒரு மனிதர் அதிக ஊதியம் தரும் இடத்துக்குப் போவதைத் துரோகம் என்று பேசுவது அநியாயம். நாளை என்ன ஆகும் என்ற நிச்சயத்தை அவருக்குத் தராத ஸ்தாபனம் அவரிடம் விசுவாசத்தை எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆனால் அவர் போகும் காலமும் போகும் விதமும் மாணவனைத்தான் வருத்துகின்றன. நடுவலையில் அடிக்கும் வேகப்பந்தை எடுத்துக்கொள்வோம். பந்து, அதைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரின் விரல்களை விட்டு நீங்குவதற்கு முன்பே அடிப்பவன் தரையை விட்டு எழும்பிவிட வேண்டும். எழும்பியவனுடைய கைக்கே பந்து வந்து சேரும் என்ற நம்பிக்கை, மாதக்கணக்கில் காலை ஆறு மணிக்கு இருவரும் செய்த அப்பியாசத்தினால் மட்டுமே கிட்டுவது. நடுவில் வந்த புதியவர், 'அந்தப் பந்து வேண்டாம், உயரமாகத் தூக்கு' என்று சொல்லிவிட்டால், அவர் கட்சியில் நியாயம் இருந்தாலும், அந்த இருவரின் கால்களும் கண்களும் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதாகிறது. அது அக்டோபரிலோ நவம்பரிலோ நேர்ந்துவிட்டாலோ, வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையின் மண் மைதானங்களைச் சேறாக்கிவைத்திருக்கும். உள்ளரங்கம் இல்லாத கல்லூரி இழந்த நாட்களை மீட்க வழியே இராது.

இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. கிராமத்துப் பள்ளி மைதானத்தில் பையனைக் கண்டு, அவன் தகப்பனாரிடம், 'ஃபீஸ் கட்ட வேண்டாம், விடுதியும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு' என்று வாக்களித்து அழைத்துவந்தவர் பயிற்சியாளர்தான். பல இடங்களில் அந்த வாக்கு காகிதத்தில் ஏறுவதில்லை. அவர் போனபின் இரண்டாம் வருஷ மாணவனிடம் அலுவலகம் கட்டணம் கேட்கிறது. கோச் சார் வேறு ஊரில் வேறு அணியோடு இருக்கிறார்; பாதிப் படிப்பை உதறி அவர் பின்னால் போகப் பையனால் முடியாது. அமெரிக்கக் கல்லூரிகளில் 2018 முதல் வீரர் தம் பெயரைப் பதிந்து வேறு கல்லூரிக்கு மாற ஒரு வழி ஏற்பட்டிருக்கிறது. நம் மாணவனுக்கு அப்படிப்பட்ட கதவு இல்லை.

அந்நாட்டிலும் பயிற்சியாளர்கள் ஓய்கிறார்கள், போகிறார்கள். பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணியை 1979 முதல் நடத்தி ஏழு தேசியப் பட்டங்கள் பெற்றுத் தந்த ரஸ் ரோஸ் 2021 பருவத்தோடு ஓய்வு பெற்றார். அவரிடம் ஆடிக் கற்று, 1999-இல் பட்டம் வென்ற அணியில் இருந்து, பின்னர் அவருக்கே உதவிப் பயிற்சியாளராய் வேலை பார்த்த கேட்டி ஷூமாக்கர்-காலி அவ்விடத்துக்கு வந்து, 2024-இல் எட்டாவது பட்டத்தை ஈட்டினார். அவர்களுடைய பணபலம் நம்மிடம் இல்லை என்பார்கள். வாஸ்தவம், எனினும் இங்கே வேலை செய்தது பணம் மட்டுமன்று, இரண்டாமவர் ஒருவர் பக்கத்திலேயே தயாராக இருந்த ஏற்பாடும்தான். அப்படிப்பட்ட ஏற்பாடு நமக்கும் புதிதன்று. மாமல்லபுரத்தில் 1957-இல் தோன்றிய சிற்பக் கல்லூரியில் ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றால், சிலையின் அங்க அளவுகளை வகுக்கும் தாலமானக் கணக்கு அவரோடு போய்விடுவதில்லை. அது நூலிலும் இருக்கிறது, பக்கத்தில் உளி பிடித்த மாணவன் கையிலும் இருக்கிறது.

ஆதலால், பயிற்சியாளர் போகக்கூடாது என்று கட்டுப்படுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்; இரு தரப்பில் எவர் முறித்தாலும் பல்கலைக்கழகப் போட்டிகள் முடிந்த பிறகே முறிக்கலாம் என்று அதில் எழுதப்படட்டும். சலுகைக் கடிதத்தைப் பயிற்சியாளர் அல்ல, முதல்வர் கையொப்பமிட்டு மாணவன் பெயருக்கே, படிப்பு முடியும் வரைக்குமாகத் தரட்டும். அணியில் ஆடி முடித்து, மேலக்கோட்டையூர் போன்ற இடத்தில் உடற்கல்வி பயின்ற பழைய மாணவர் ஒருவரை உதவிப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ளட்டும். இதற்கு ஆகும் அதிகச் செலவு ஒருவருடைய சம்பளம்தான். அணி ஜெயித்த மறுநாள் சாலையோரமெங்கும் வாழ்த்துப் பலகை நிறுத்தும் நிர்வாகங்களுக்கு அது தாங்கமுடியாத பாரம் என்று நான் நம்பவில்லை.