அந்த ஐந்து யார்டு யாருடையது?

2014 ஏப்ரலில் 'டிராஃப்ட் டே' என்றொரு ஹாலிவுட் படம் வந்தது. அமெரிக்க ஃபுட்பாலில், கல்லூரியிலிருந்து வரும் பையன்களை அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் நாள்தான் டிராஃப்ட். கிளீவ்லாந்து பிரவுன்ஸின் மேலாளராக வரும் கெவின் காஸ்ட்னர் கடைசியில் ரே ஜென்னிங்ஸ் என்ற ரன்னிங் பேக்கை ஏழாவது ஆளாக எடுக்கிறார். படம் சுமார் ரகம். ஆனால் ரேவாக நடித்தவர் யார் என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஏரியன் ஃபாஸ்டர், நிஜ ரன்னிங் பேக். 2009 டிராஃப்டில் ஏழு சுற்றுகள், இருநூற்றைம்பதுக்கு மேல் பெயர்கள், அதில் அவர் பெயர் இல்லை. யாருக்கும் வேண்டாதவராக ஹூஸ்டன் டெக்ஸன்ஸில் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 1,616 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம்.

ஏழாவது ஆளாக எடுக்கப்படும் பையனாக, யாருமே எடுக்காத ஆள் நடித்தார். படம் வந்த அடுத்த மாதம் நடந்த நிஜ டிராஃப்டில் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட யாரும் எடுக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டும் அதே கதைதான்.

என்ன நடந்தது இந்த ஆட்களுக்கு? புதிதாக வரும் ஒரு ரன்னிங் பேக்குக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி, விளையாட்டை விட்டுத் தள்ளிப் பார்த்தால், விமர்சகர்களுக்குப் பழக்கமான கேள்விதான். ஒரு காரியம் நன்றாக வந்திருக்கிறது, அதில் இவர் பங்கு எவ்வளவு?

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு, அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை எறியலாம், இல்லையென்றால் பின்னால் நிற்பவன் கையில் கொடுத்து ஓடச் சொல்லலாம். ஓடுகிறவன் ரன்னிங் பேக். அவனுக்கு முன்னால் ஐந்து பேர், ஆளுக்கு நூற்றுநாற்பது கிலோ, எதிரணியைத் தள்ளி வழி திறப்பார்கள். அந்த ஐவரைத்தான் லைன் என்கிறார்கள். டிவியில் தெரிவது ஓடுபவன். வழி திறந்தவர்கள் பெயர் தெரிந்த ரசிகர்கள் குறைவு.

2018-ல் நான் ஆன்சைட்டில் நியூ ஜெர்சியில் இருந்தேன். அந்த ஆண்டு நியூயார்க் ஜயன்ட்ஸ் (பெயர்தான் நியூயார்க், மைதானம் நியூ ஜெர்சியில்) இரண்டாவது ஆளாக சேக்வான் பார்க்லியை எடுத்தது. முந்தைய சீசனில் 3 வெற்றி, 13 தோல்வி. குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு வயது 37. அடுத்த குவார்ட்டர்பேக்கை எடுக்க வேண்டிய நேரத்தில் ஒரு ஓட்டக்காரனை எடுத்துவிட்டார்களே என்று ஊரே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. கிளையன்ட் அலுவலகத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அப்பா காலத்திலிருந்து வந்த சீசன் டிக்கெட் அவருடையது. அவர்தான் எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர்.

செப்டம்பர் 9, பார்க்லியின் முதல் ஆட்டம். எதிரில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ். 18 ஓட்டம், 106 யார்டு, ஒரு டச்டவுன். முதல் ஆட்டத்திலேயே நூறைத் தாண்டிவிட்டான், சராசரி கிட்டத்தட்ட 6, வேறென்ன வேண்டும் என்று மறுநாள் பெரியவர் கேட்டார். ஆனால் அந்த 106-இல் ஒரே ஓட்டத்தில் வந்தது 68. வலது பக்கம் வளைந்து, தடுக்க வந்தவர்களை உதறிவிட்டு எல்லை வரைக்கும் போனான். அதைக் கழித்துவிட்டால் மிச்சம் 17 ஓட்டங்களில் 38 யார்டு. ஓட்டத்துக்கு இரண்டேகால்கூட இல்லை. பதினெட்டில் பதினேழு முறை ஏறக்குறைய முட்டுச்சந்து. ஆட்டம் 20-15 என்று தோல்வி.

இந்த ஸ்கோரை எப்படி வாசிப்பது? சர்வர் வேலை பார்க்கிறவனுக்கு இது பழகிய சிக்கல். சராசரி பார்த்து முடிவெடுக்காதே, நடுமதிப்பைப் பார், பிறகு வாலைத் தனியாகப் பார் என்பது எங்கள் ஆட்களின் பாலபாடம். பன்னிரண்டு கதைகள் கொண்ட முதல் தொகுப்பில் ஒரே ஒரு கதை அபாரம், மற்றதெல்லாம் சுமார் என்றால் அந்த எழுத்தாளரைப் பற்றி என்ன எழுதுவீர்கள்? நான் அந்த ஒரு கதையை வைத்துத்தான் எழுதுவேன். ஆனால் ஃபுட்பாலில் அந்தப் பதினேழுக்கும் விலை உண்டு. ஒவ்வொரு முட்டுச்சந்தும் நாலு வாய்ப்பில் ஒன்றைத் தின்றுவிட்டுப் போகிறது.

சீசன் முடிந்தபோது பார்க்லி 261 ஓட்டங்களில் 1,307 யார்டு, சராசரி 5.0. கூடவே 91 பாஸ்களைப் பிடித்திருந்தார், புதுமுக ரன்னிங் பேக்குகளில் அதுவரை யாரும் பிடிக்காத எண்ணிக்கை. ஓட்டமும் பாஸும் சேர்த்து 2,028 யார்டு. ஆண்டின் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருது. ஜயன்ட்ஸ் 5 வெற்றி, 11 தோல்வி.

அதே ஆண்டு, அதே டிராஃப்டில் 35-ஆவதாக கிளீவ்லாந்துக்குப் போன நிக் சப், 192 ஓட்டங்களில் 996 யார்டு, சராசரி 5.2. டிராஃப்டிலேயே எடுக்கப்படாமல் டென்வரில் சேர்ந்த ஃபிலிப் லிண்ட்சே, அவருக்கும் 192 ஓட்டம், 1,037 யார்டு, சராசரி 5.4. ஒருவருக்கு இரண்டாவது இடம், ஒருவருக்கு முப்பத்தைந்து, ஒருவருக்கு இடமே இல்லை. ஓட்டக் கணக்கில் வரிசை தலைகீழ்.

'ரன்னிங் பேக் யாராக இருந்தால் என்ன' என்று சொல்லும் கட்சி இந்த இடத்தில்தான் வாலைப் பிடிக்கிறது. அவர்களிடம் இருக்கும் சாட்சியும் சாதாரணமில்லை. டென்வரையே எடுங்கள். மைக் ஷனஹன் பயிற்சியாளராக இருந்த காலத்தில் 1995-ல் ஆறாவது சுற்றில் வந்த டெரல் டேவிஸ் முதல் ஆண்டே 1,117 யார்டு. 1999-ல் டேவிஸுக்கு முழங்கால் போனதும் நாலாவது சுற்றுப் புதுமுகம் ஒலாண்டிஸ் கேரி, 1,159. 2000-ல் ஆறாவது சுற்றுப் புதுமுகம் மைக் ஆண்டர்சன், 1,487. 2002-ல் கிளின்டன் போர்ட்டிஸ், 1,508. ஆள் மாறினாலும் யார்டு வந்துகொண்டே இருந்தது. லைன் ஒரே திசையில் சேர்ந்து நகர்ந்து தடுக்கும் அந்த முறைதான் அங்கே நிரந்தர ஊழியர், ஓடினவர்கள் எல்லாம் கான்ட்ராக்ட். போர்ட்டிஸ் டென்வரில் ஓட்டத்துக்கு 5.5 எடுத்தார். 2004-ல் அவரை வாஷிங்டனுக்குக் கொடுத்து சாம்ப் பெய்லி என்ற தடுப்பாட்டக்காரரை வாங்கினார்கள். வாஷிங்டனில் முதல் ஆண்டு போர்ட்டிஸின் சராசரி 3.8. பெய்லி இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

2019-ல் என்எஃப்எல்லே கேகிளில் ஒரு போட்டி வைத்தது. பந்து கை மாறும் கணத்தில் 22 பேரும் எங்கே நிற்கிறார்கள், எந்தத் திசையில் என்ன வேகத்தில் போகிறார்கள் என்ற தரவு கொடுக்கப்படும், ஓட்டம் எத்தனை யார்டு போகும் என்று கணிக்க வேண்டும். வென்ற மாதிரியைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, அவ்வளவு சுத்தம். ஆட்களுக்கு இடையிலான தூரமும் வேகமும் போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். ஓடுகிறவன் பெயர் அதற்குத் தேவைப்படவேயில்லை.

கொஞ்சநாள் நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். இப்போது பாதி விலகி நிற்கிறேன்.

பார்க்லியை இரண்டாவதாக எடுத்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதற்குக் காரணம் சம்பளக் கணக்கு. 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுமுகத்தின் சம்பளத்தைத் தீர்மானிப்பது எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டான் என்பதுதான், எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதல்ல. இரண்டாவது ஆளுக்கு நாலு ஆண்டுக்குச் சுமார் 3.1 கோடி டாலர். அதே 2018-ல் அட்லாண்டாவின் மேட் ரயனுக்கு ஒரு ஆண்டுக்கே 3 கோடி பேசினார்கள். ஆக அந்த இடத்தில் நல்ல குவார்ட்டர்பேக் ஒருவன் அமைந்தால் நாலு ஆண்டுக்கு லாட்டரி. ரன்னிங் பேக் அமைந்தால் முதல் நாளே அவன் தன் இனத்தில் முன்னணிச் சம்பளக்காரன், அணிக்கு மிச்சம் எதுவும் இல்லை. ஏழாவதாகப் போன ஜாஷ் ஆலனும் 32-ஆவதாகப் போன லமார் ஜாக்சனும் பின்னால் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார்கள். ஜயன்ட்ஸ் ரசிகர்களிடம் இதைச் சொல்லாதீர்கள்.

ஆனால் 'இந்த விலைக்கு இவன் வேண்டாம்' என்பதும் 'இவன் செய்தது ஒன்றுமில்லை' என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். முதலாவது சந்தைக் கணக்கு. இரண்டாவது விமர்சனம், அதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும். கேகிள் மாதிரி அதைக் கொடுக்கவில்லை. பந்து கை மாறும் கணத்தில் எதிரணி ஏன் அந்த இடத்தில் நிற்கிறது? ஓடப்போவது யார் என்று தெரிந்து முன்னே நெருங்கி வந்திருக்கலாம். அப்படியானால் அவன் திறமையில் ஒரு பகுதி ஏற்கனவே உள்ளீட்டுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு 'எதிர்பார்த்ததைவிட எத்தனை யார்டு அதிகம்' என்று அளந்தால், அவன் சம்பாதித்ததையே கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணுகிறோம். பெயர் இல்லாமல் கணிக்க முடிகிறது என்பதால் பெயருக்கு அர்த்தமில்லை என்று ஆகிவிடாது. மாதிரி கணித்தது ஒரு ஓட்டத்தின் சாத்தியங்களை. அந்த 68 யார்டு எந்தக் காலில் இருக்கிறது என்று அதை யாரும் கேட்கவில்லை.

எதிர்க்கட்சியின் கணக்கும் யோக்கியமில்லை. 2012-ல் மூன்றாவதாக எடுக்கப்பட்ட ட்ரென்ட் ரிச்சர்ட்சன் முதல் ஆண்டு 950 யார்டு, 11 டச்டவுன் என்றதும் பாராட்டினார்கள். ஓட்டத்துக்கு 3.6தான். நிறைய தடவை பந்தைக் கொடுத்தால் யார் கணக்கிலும் யார்டு ஏறும். அடுத்த சீசன் தொடக்கத்திலேயே இண்டியானபொலிஸுக்கு விற்றுவிட்டார்கள், அங்கே 2.9.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆபீஸில் அப்ரைசல் மீட்டிங். என் டீமில் ஒரு பையன், கல்லூரி முடித்து வந்து முதல் ஆண்டு. எல்லோரும் ஒதுங்கிப்போன ஒரு மாட்யூலை எடுத்து ஆறு மாதம் உட்கார்ந்து சரி செய்திருந்தான். மேல் ரேட்டிங்குக்கு இடம் ஒன்றுதான், ஆள் இரண்டு. அப்போது நான் சொன்ன வாக்கியம் நினைவிருக்கிறது: "ஆர்க்கிடெக்சர் நல்லா இருந்துச்சு, யாரை உட்கார வெச்சிருந்தாலும் முடிச்சிருப்பாங்க." பொய் இல்லை, அரை உண்மை. ஆர்க்கிடெக்சர் நான் போட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவன் அடுத்த மார்ச்சில் பேப்பர் போட்டான்.

அதனால்தான் எனக்கு பார்க்லியைவிட லிண்ட்சே கதை உறுத்துகிறது. பிறந்து வளர்ந்த டென்வரிலேயே, டிராஃப்டில் எடுக்கப்படாதவனுக்குரிய குறைந்த சம்பளத்தில், முதல் இரண்டு ஆண்டும் ஆயிரம் யார்டு தாண்டினார். பிறகு 2020-ல் டென்வர் இரண்டு ஆண்டுக்கு 1.6 கோடி டாலர் கொடுத்து வெளியிலிருந்து மெல்வின் கோர்டனைக் கொண்டுவந்தது. யாராக இருந்தால் என்ன என்ற தத்துவத்தைக் கோர்டனுக்கு யாரும் சொல்லவில்லை போல. 2021-ல் லிண்ட்சே டென்வரில் இல்லை, பழைய ஆட்டம் எந்த அணியிலும் திரும்பவும் இல்லை. ஒரு ரன்னிங் பேக்கின் கால்கள் நன்றாக இருக்கும் ஆண்டுகள் இருபத்தொன்றிலிருந்து இருபத்தாறு வரை என்று வைத்துக்கொண்டால், அதில் பெரும்பகுதி முதல் ஒப்பந்தத்துக்குள்ளேயே கரைந்துவிடும். அதைத் தாண்டி வந்து கேட்டால், நீ தேய்ந்துவிட்டாய் என்பார்கள். 2023-ல் பார்க்லிக்கே அதுதான் நடந்தது. ஜயன்ட்ஸ் நீண்ட ஒப்பந்தம் தரவில்லை, சுமார் ஒரு கோடி டாலருக்கு ஒரே ஆண்டு கட்டிப்போட்டார்கள். அந்த ஜூலையில் முன்னணி ரன்னிங் பேக்குகள் ஜூம் காலில் கூடிப் புலம்பினார்கள் என்று செய்தி வந்தபோது இணையம் சிரித்தது. நானும் ஒரு மீமை ஃபார்வர்டு செய்தேன்.

2024-ல் பார்க்லி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போனார். லேன் ஜான்சன், ஜோர்டன் மைலாட்டா என்று லீகின் தலைசிறந்த லைன்களில் ஒன்று அங்கே இருந்தது. 27 வயதில் 2,005 யார்டு, கடைசியில் சூப்பர் பௌல். பார்த்தீர்களா, லைன்தான் எல்லாம் என்றது ஒரு கட்சி. பார்த்தீர்களா, அவன் எப்பேர்ப்பட்டவன் என்றது இன்னொன்று. ஒரே எண்ணை இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு அந்த 2,005-ஐப் பிரிக்கத் தெரியவில்லை. முந்தைய சீசனிலும் அதே லைன் பெரும்பாலும் அங்கே இருந்தது, அங்கே யாரும் 2,000 ஓடவில்லை. பார்க்லியும் ஆறு ஆண்டு ஜயன்ட்ஸில் இருந்தார், அங்கேயும் ஓடவில்லை. பெருக்கலில் எந்த எண்ணுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்பது மாதிரி இருக்கிறது.

எரிக் டிக்கர்சன் 1984-ல் வைத்த சாதனை 2,105 யார்டு. அதை எட்ட பார்க்லிக்கு இன்னும் 100, தாண்ட 101, ஒரு ஆட்டம் பாக்கி. ஆனால் பிளேஆஃபில் ஈகிள்ஸின் இடம் ஏற்கனவே முடிவாகிவிட்டது. பயிற்சியாளர் நிக் சிரியானி பார்க்லியை உட்காரவைத்தார். அடுத்த வாரம் முதல் உயிருக்கு உயிராக ஆட வேண்டும், காலுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மாற்று ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டே ஈகிள்ஸ் 20-13 என்று ஜெயித்துவிட்டது. எதிரில் ஆடியது நியூயார்க் ஜயன்ட்ஸ்.

அன்றிரவு நியூ ஜெர்சி பெரியவருக்கு ஒரு மெசேஜ் போட்டேன். ரிட்டயர் ஆகிவிட்டார், சீசன் டிக்கெட்டை மகளிடம் கொடுத்துவிட்டார். பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. 2018 செப்டம்பர் 9, அந்த 68 யார்டு ஓட்டத்தின் வீடியோ. வேறு ஒன்றும் எழுதவில்லை.