கல்லில் நீந்தும் மகரம்

மகரம் கடலுக்கு உரியதாகக் கருதப்பட்ட கற்பனை விலங்கு. முதலையின் வாய், யானையின் துதிக்கை, மீனின் உடல், கொடியாகச் சுருண்டு விரியும் வால் எனப் பல உயிர்களின் கூட்டு அது. வருணனுக்கும் கங்கைக்கும் வாகனம். மன்மதனின் கொடியிலும் திருமாலின் குண்டலத்திலும் அதற்கு இடமுண்டு. பீகாரில் கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லோமச ரிஷி குகையின் வாயில் வளைவிலேயே அதைக் காணலாம்.

புதுச்சேரியின் கிராமப்புறத்தில் மகரத்தைத் தேடுவோர் பாகூர் மூலநாதர் கோயிலில் தொடங்குவது நல்லது. வயல்களும் பெரிய ஏரியும் சூழ்ந்த ஊர். கடலும் தொலைவில் இல்லை. கோயில் 10ஆம் நூற்றாண்டு முற்காலச் சோழர் கற்றளி. இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகளும் இங்கு உள்ளன.

நேரே கருவறைக்குச் செல்பவர் கண்ணில் மகரம் படுவதில்லை. வெளிச்சுவரை மெதுவாக வலம்வர வேண்டும். முற்காலச் சோழர் கோயில்களில் அடித்தளமான அதிட்டானத்தின் மேல்வரியில் யாளிகள் அணிவகுத்துச் செல்லும். வரி மூலை திரும்பும் இடத்தில் மகரத் தலைகள் பிளந்த வாயோடு வெளியே நீளும். அவற்றை நேர் எதிரே நின்று பார்த்தால் பல்வரிசை மட்டுமே தெரியும். சற்றே பக்கவாட்டில் நின்றால்தான் வாய்க்குள் இருக்கும் சிறு வீரன் தெரிவான். விழுங்கப்படுகிறானா, வெளியே பாய்கிறானா என்பதைச் சிற்பி முடிவு செய்யவில்லை. அந்த ஐயமே கல்லுக்கு அசைவைத் தருகிறது.

அடுத்து, தெய்வ உருவங்களுக்கான சுவர் மாடங்களாகிய தேவகோட்டங்களுக்கு மேலே உள்ள தோரணத்தை நோக்கலாம். மகர தோரணத்தில் இரு முனைகளிலும் மகரங்கள் நிற்க, அவற்றின் வாயிலிருந்து வளைவு புறப்படும். தலையைவிட வாலை முதலில் பார்ப்பதே சிறந்தது. உளியின் திறம் அங்கேதான் வெளிப்படும்: சுருள்கள் ஆழமாக வெட்டப்பட்டிருந்தால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நிழல் கொள்ளும். பிற்காலக் கோயில்களில் அலங்காரம் பெருகியது. இந்த ஆழம் பல இடங்களில் குறைந்துவிட்டது. ஒப்பிட விரும்புவோர் செஞ்சிப் பக்கத்துத் தளவானூர் குடைவரைக்குச் செல்லலாம். முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த அதன் முகப்பில் மகர தோரணம் உண்டு. ஜாவாவின் போரோபுதூரில் இதே விலங்கு படிக்கட்டின் கைப்பிடியாக மாறி, வாயில் சிங்கத்தை ஏந்துகிறது.

நண்பகல் வெயில் புடைப்பை மழுக்கிவிடும். காலையிலோ மாலையிலோ ஒளி சுவரைச் சாய்வாகத் தொடும்போது செல்ல வேண்டும். எண்ணெயும் சுண்ணாம்பும் படிந்த இடங்களில் உளித்தடம் மறைந்திருக்கும். அங்கே வடிவத்தின் கோட்டை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். கல்லைத் தொட்டுத் தடவிப் பார்ப்பது அதற்குக் கேடு.

கல்லில் நின்ற மகரம் உலோகத்தில் தெருவுக்கு வருவதும் உண்டு. உற்சவ மூர்த்தியைச் சூழும் திருவாசியின் அடியில் இருபுறமும் பெரும்பாலும் மகர முகங்களே. சுடர்வளைவு அவற்றின் வாயிலிருந்து எழும். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலில் வைகாசித் தேரோட்டம் நடைபெறும். வில்லியனூர் கொம்யூனிலேயே சங்கராபரணி ஆற்றின் கரையிலுள்ள திருக்காஞ்சி கங்கைவராக நதீஸ்வரர் கோயிலில் மாசிமகத் தீர்த்தவாரி புகழ்பெற்றது. இத்தகைய விழாக்களில் மாலைகள் திருவாசியை மூடியிருக்கும். அலங்காரம் முடியும் முன்னரோ, அபிஷேகம் முடிந்த பின்னரோ அர்ச்சகரின் அனுமதியோடு அருகில் நின்றால் மகரம் முழுமையாகத் தெரியும்.